அணைந்துபோன கொதிகலன்



குளிர் நாடுகளில் வீடு கட்டுவோர் சுவருக்கும் கூரைக்கும் அடுத்தபடியாக நினைப்பது கொதிகலனைத்தான். நிலவறையிலோ சமையலறை மூலையிலோ ஓர் இரும்புக் கலம். அதன் கீழே நெருப்பு. கலத்திலிருந்து புறப்படும் குழாய்கள் அறைதோறும் சென்று, சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுக் குளிர்ந்த நீரைத் திரும்பக் கொண்டுவருகின்றன. பனிக்கால விடியலில் இக்கலம் அணைந்து கிடந்தால் வீடே விறைத்துப்போகும். பழுது பார்ப்பவர் வந்துசேர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். கைக்குழந்தையும் வயோதிகரும் உள்ள வீட்டில் அந்நாட்களைக் கழிப்பது எளிதன்று. ஆகவே வீட்டுக்காரர் திருப்புளியை எடுத்துக்கொண்டு தாமே கிளம்பிவிடுகிறார்.

டில்லியிலும் லக்னோவிலும் சண்டிகரிலும் வாழும் நம்மவருக்கு ரேடியேட்டரோடு பழக்கமில்லை; குளியலறைக் கீசரோடுதான் பழக்கம். எனினும் தை மாதக் காலையில் கீசர் சூடேற மறுத்தால் நாமும் அதே திருப்புளியைத்தான் தேடுகிறோம்.

திருப்புளியை எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கலம் கெட்டுப்போய் எரியாமல் இருக்கிறதா, அல்லது எரியக்கூடாது என்று தானே நின்றுவிட்டதா? இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தானே நிற்கும் இந்தக் குணம் வீட்டுக் கொதிகலனுக்குப் பிறவியிலேயே வந்ததன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில், பலரது உயிரை விலையாகக் கொடுத்து, அதற்குக் கற்பிக்கப்பட்டது. அந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களின்மீது சற்றுச் சந்தேகம் இருப்பது இயல்பு. 'பாய்லர்' என்பதற்குக் 'கொதிகலன்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆலைக்கும் ரயில் இஞ்சினுக்கும் அது முற்றும் பொருந்தும். வீட்டைச் சூடாக்கும் கலத்திலோ நீர் கொதிப்பதே இல்லை, கொதிக்கவும் கூடாது. அறுபது முதல் எண்பது டிகிரி சென்டிகிரேட் வரையில் சூடேறி ஓடுவதே அதன் கடமை. அது உண்மையாகவே கொதிகலனாகிவிட்டால் வீட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பொருள். பெயருக்கேற்ப நடந்துகொள்ளாமல் இருப்பதே இதன் பெருமை!

சுடுநீரைக் குழாய்களில் ஓடவிட்டு இடத்தைச் சூடாக்கும் முறையைப் பிரான்சில் போன்மேன் என்பவர் 1777-ஆம் ஆண்டையொட்டிச் செய்துகாட்டினார். அவர் சூடாக்கியது மனிதர் வாழும் வீட்டை அன்று. கோழிமுட்டைகளை அடைகாக்கும் பெட்டியை. சூடான நீர் இலேசாகி மேலே எழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த இயல்பினாலேயே பம்பு எதுவும் இல்லாமல் நீர் சுற்றிவந்தது. முட்டைக்குச் சூடு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஆதலால் உஷ்ணத்தில் நீளும் உலோகத்தின் இயல்பைக் கொண்டு, அடுப்புக்குச் செல்லும் காற்றைத் தானே கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு கருவியையும் அவர் பொருத்தினார். இன்று தெர்மோஸ்டாட் என்று நாம் அழைப்பதன் முன்னோர்களுள் அதுவும் ஒன்று. மனிதருக்குக் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே கோழிக்குஞ்சுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

1831-இல் இங்கிலாந்தில் ஆஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய துவாரமும் தடித்த சுவரும் கொண்ட இரும்புக் குழாய்கள், உள்ளே நீர், முழுவதும் அடைபட்ட வட்டம். அடைபட்டிருந்ததால் நூறு டிகிரிக்கு மேலும் நீரைக் கொதிக்கவிடாமல் சூடாக்க முடிந்தது. சிறு குழாயிலேயே பெரிய கட்டடத்தைச் சூடாக்கலாம். ஆனால் அதற்குள் அடங்கிய அழுத்தம் சாதாரணமானதன்று. நீரைக் கொதிநிலை வரையில் சூடாக்கினால் அதன் கனஅளவு நூற்றுக்கு நான்கு பங்குதான் பெருகும். அதே நீர் ஆவியாகிவிட்டாலோ ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். நூறு டிகிரிக்கு மேல் சூடேறி அடைபட்டிருக்கும் நீர், கலம் விரிந்த அந்தக் கணத்திலேயே ஆவியாக மாறத் தொடங்குகிறது. கொதிகலன் வெடிப்பது என்பது இதுவே.

இனி, இந்த வரலாற்றில் மிகவும் துயரமான பகுதிக்கு வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் வசதியுள்ள வீடுகளில் சமையல் அடுப்புக்குப் பின்புறம் ஒரு சிறிய இரும்புக் கலத்தைப் பதித்துவைத்தார்கள். அடுப்பில் எரியும் நிலக்கரியே அதிலுள்ள நீரையும் சூடாக்கும். கூரையடியில் உள்ள தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் ஒரு குழாயில் இறங்கும். வெந்நீர் மற்றொரு குழாயில் ஏறும். இரு குழாய்களும் திறந்திருக்கும்வரை இதில் பயமில்லை. நீர் பெருகினால் மேலே ஏறித் தொட்டியில் வழிந்துவிடும்.

உறைபனி இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடுப்பு அணைந்திருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்களில் நீர் உறைகிறது. உறையும்போது நீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகி, குழாயை இறுக அடைத்துக்கொள்கிறது. விடிவதற்கு முன்பே வேலைக்காரப் பெண் எழுந்து அடுப்பை மூட்டுகிறாள். எல்லா நாளும் செய்யும் வேலைதான். கலத்தில் நீர் சூடேறுகிறது, பெருகுகிறது, போவதற்கு வழியில்லை. மேல் வழியும் கீழ் வழியும் பனிக்கட்டியால் மூடப்பட்டுவிட்டன. சற்று நேரத்தில் அடுப்பும் சுவரும் சேர்ந்து சமையலறைக்குள் சிதறுகின்றன. கடுங்குளிர் கண்ட ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் பத்திரிகைகளில் அடுத்தடுத்து வந்தன. சமையலறைக் கொதிகலன்கள் வெடிப்பது பற்றியே தனி நூல் எழுதப்படும் அளவுக்கு அவை பெருகின.

இதைத் தடுக்கும் கருவி அக்காலத்தில் இல்லாமலா இருந்தது? நன்றாக இருந்தது. பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் லண்டன் ராயல் சொசைட்டியில் 1679-இல் காட்டிய சமையல் கலத்தை நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூதாதை எனலாம். அதற்கு அவர் ஒரு நெம்புகோலும் எடையும் கொண்ட வால்வை அமைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறிவிடும். நம் குக்கரின் மேல் குந்தியிருந்து கூவும் அதே எடைதான். இரண்டு நூற்றாண்டுகளாக அறிஞர் அறிந்திருந்த இந்தச் சிறு கருவியைச் சில ஷில்லிங் மிச்சம்பிடிப்பதற்காக வீட்டுக் கலத்தில் பொருத்தாமல் விட்டார்கள் என்பது என் எண்ணம்.

சட்டமும் உதவிக்கு வரவில்லை. 1882-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொதிகலன் வெடிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. கொதிகலன் எங்கு வெடித்தாலும் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும், விசாரணை நடத்தலாம் என்று அது விதித்தது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உள்ள கொதிகலன்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் ஒரு விலக்கு அதில் உண்டு. ஆலையின் வாசல் வரையில் வந்த அரசாங்கம் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. வீடு அவரவர் கோட்டை என்ற கொள்கை ஆங்கிலேயருக்கு உயிர். அக்கோட்டைக்குள் அடுப்பு மூட்டும் பெண்ணின் உயிரை அது கணக்கில் கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுவே. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைப் பரிசோதிக்கச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்துறைச் சட்டங்களின் தொடக்கம் அது. பின்னர் மாகாணத்துக்கு ஒரு சட்டமாக இருந்ததைத் தொகுத்து 1923-இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் நிறைவேறியது. ஐந்து காலனுக்கு மேல் கொள்ளும், அழுத்தத்தோடு நீராவியை உண்டாக்குவதற்கென்றே அமைந்த மூடிய கலத்தையே அது கொதிகலன் என்றது. 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. குளிக்கும் நீரைச் சூடாக்கும் கலம் அந்த 1923-ஆம் ஆண்டு வரையறைக்குள் வரவேயில்லை.

அன்று வரவேண்டிய அவசியமும் பெரிதாக இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும். நம் ஊர்ப்பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டில் இருந்த செப்புப் பாய்லரை உங்களில் பலர் நினைவு கூரலாம். உருண்டையான செப்பு உடல். நடுவே செங்குத்தாகப் புகைக் குழாய். அடியில் கரியோ தேங்காய் மட்டையோ எரியும். பக்கத்தில் ஒரு குழாய். மேலே புனல்போன்ற வாய். ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றினால் ஒரு செம்பு வெந்நீர் வெளியே வரும். மராட்டியர் இதை 'பம்ப்' என்பர். பஞ்சாபில் 'ஹமாம்' என்பாரும் உண்டு. இதன் வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் இது வெடிக்காது. வால்வு வேண்டாம், அழுத்தமானி வேண்டாம். ஓட்டை விழுந்தால் பாத்திரக்காரர் ஈயம் வைத்து அடைத்துவிடுவார். வீட்டுக்காரர் பயமின்றிக் கைவைக்கக்கூடிய கொதிகலன் இதுவே.

காஷ்மீரத்தில் இதனினும் பெரிய ஏற்பாடு உண்டு. அங்கே மசூதிகளிலும் பல வீடுகளிலும் ஹமாம் என்ற அறை இருக்கிறது. தரை முழுவதும் கற்பலகை. அதன் கீழே வெற்றிடம். வெளியே இருந்து விறகைத் தள்ளி எரிக்கிறார்கள். பதித்துவைத்த பெரிய செப்புக் கலத்தில் நீரும் காய்கிறது, கல்தரையும் சுடுகிறது. அறையைச் சூடாக்குவதும் வெந்நீர் தருவதும் ஒரே நெருப்பு. ஐரோப்பியரின் கொதிகலன் செய்யும் இரண்டு வேலையையும் ஸ்ரீநகரத்து ஹமாம் செய்துவருகிறது.

எரிவாயு வந்ததும் ஆபத்தின் உருவம் மாறிற்று. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவியைச் செய்தார். ஐஸ்லாந்தில் பூமியிலிருந்து பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரான 'கீசர்' என்பதை அதற்குச் சூட்டினார். அப்பெயரே மாறாமல் இன்று நம் குளியலறைக்கு வந்திருக்கிறது. மாகனின் கருவியில் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு முழுவதும் குளிப்பவர் இருக்கும் அறைக்குள்ளேயே தங்கியது. 1889-இல் அமெரிக்காவில் நார்வே நாட்டவரான எட்வின் ரூட் தானியங்கிக் கீசரை அமைத்தார். ஜெர்மனியில் ஹியூகோ யுங்கர்ஸ் 1890-களில் கீசர் தொழிலில் இறங்கினார். பின்னாளில் உலோக விமானங்களால் உலகப் புகழ் பெற்ற யுங்கர்ஸ் இவரேதான்.

புகைபோக்கி இல்லாமையின் விளைவை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்துக்குப் பின் தொழிலாளர் காயமே இல்லாமல் இறந்துகிடப்பதை அவர் ஆராய்ந்து, 1896-இல் அறிக்கை தந்தார். அவர்களைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு. தன் உடலிலேயே அவர் அதைச் சோதித்துப் பார்த்தவர். நம் இரத்தத்திலுள்ள செம்பொருள் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதனோடு ஒட்டிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பின் சோர்வு, பின் மயக்கம். காற்றுப் போதாத இடத்தில் எரியும் சுடர் எதுவும் இதை உண்டாக்கும்.

எரிவாயுவில் மற்றோர் ஆபத்தும் இருந்தது. சுடர் அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டே இருந்தால் அறை நிறைந்துவிடும். யாரேனும் தீக்குச்சி கிழித்தால் முடிந்தது. இதற்குக் கண்ட பரிகாரம் என்னைப் பொறுத்தவரையில் இந்த வரலாற்றிலேயே மிக அழகானது. 1821-இல் சீபெக் என்ற விஞ்ஞானி, இரு வேறு உலோகங்களை இணைத்து இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டத்தின் அடையாளம் தோன்றுவதைக் கண்டார். அந்த மின்சாரம் மிகச் சொற்பம். டார்ச் விளக்கின் ஒரு செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு மின்னழுத்தம் இருந்தால் அதிகம். அதனை ஒரு சிறு மின்காந்தத்துக்குச் செலுத்தி, அக்காந்தம் வாயுவின் வால்வைத் திறந்து பிடித்திருக்குமாறு அமைத்தார்கள். இணைப்பின் முனை எப்போதும் எரியும் சிறு சுடரில் நிற்கும். சுடர் எரியும்வரை மின்சாரம். மின்சாரம் உள்ளவரை வால்வு திறந்திருக்கும். சுடர் அணைந்தால் முனை குளிரும், காந்தம் விட்டுவிடும், வில் வால்வைச் சாத்திவிடும். வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டாம், காவலாளும் வேண்டாம். தன்னை எரியவிடும் அனுமதியைச் சுடர் தானே ஒவ்வொரு கணமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பழைய கொதிகலனில் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று சொல்வது இந்த முனை சூடேறுவதற்காகத்தான். விட்டதும் அணைந்தால் முனை தேய்ந்திருக்கலாம், அழுக்குப் படிந்திருக்கலாம். அல்லது புகைபோக்கி அடைத்துச் சுடர் மூச்சுத் திணறியும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல், பொத்தானை எழும்பவிடாதபடி கம்பியால் கட்டிவைத்துவிட்டு வெற்றிப் புன்னகை பூக்கும் கைத்திறனாளர் எந்த நாட்டிலும் உண்டு.

பாதுகாப்பு வால்வின் வாயை அடைப்பதும் அவ்வகைக் கைத்திறனே. அது சொட்டினால் தொல்லை, ஆகவே அடைத்துவிடுகிறார்கள். 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் ஸ்பென்சர் என்ற ஊரில், தொடக்கப்பள்ளி ஒன்றின் சமையலறையில் இருந்த வெந்நீர்க் கலம் வெடித்தது. பிள்ளைகள் பகலுணவுக்கு அமர்ந்திருந்த நேரம். ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர். சூட்டைக் கட்டுப்படுத்தவேண்டிய கருவியும் செயலற்று, இறுதிக் காவலான வால்வும் கைவிட்டது. குளிர்காலத்துச் சமையலறையில் வெடித்த அந்தப் பழைய கலங்களின் கதை, நூறாண்டு கழித்தும் முடியவில்லை.

ஆனால் பிரிட்டனில் 2010 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். நூறாண்டில் காணாத கடுங்குளிர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2005 முதல், புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தை மீட்கும் புதுவகைக் கொதிகலன்கள் அங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்தன. புகை குளிரும்போது சேரும் நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். அந்தக் குழாய் பல வீடுகளில் உறைந்து அடைத்துக்கொண்டது. அதே பனி, அதே விடியல், அடைபட்ட குழாய். இம்முறை எதுவும் வெடிக்கவில்லை. நீர் வெளியேற வழியில்லை என்பதை உணர்ந்த கலங்கள் தாமாகவே அணைந்து, எரிய மறுத்து நின்றன. வீடுகள் விறைத்தன, பழுது பார்ப்போரின் தொலைபேசிகள் ஓயவில்லை. எவ்வளவோ பேர் தம் கொதிகலனைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பரிகாரமோ, அந்தக் குழாயின்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றிவிட்டுக் கலத்தை மறுபடி இயக்குவதுதான்.

வீட்டுக்காரர் தாமே செய்யத்தக்க பழுதுகள் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. நெருப்பைத் தொடாமல் நீரோடு நின்றுவிடுபவை. ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சுட்டு மேற்பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்றுத் தங்கியிருக்கிறது. மேல் மூலையிலுள்ள திருகைச் சிறு சாவியால் இளக்கினால் காற்று சீறி வெளியேறும், நீர் எட்டிப்பார்த்ததும் மூடவேண்டும். அழுத்தமானியின் முள் ஒன்றுக்குக் கீழே விழுந்திருந்தால் குழாய் நீரைச் சிறிது உள்ளே விடலாம். எரிவாயுப் பகுதியோ வேறு. 1998-இன் பிரிட்டிஷ் விதிகள் அதில் தகுதி பெற்றவர் அன்றி யாரும் கைவைக்கக்கூடாது என்கின்றன. 1882-இல் வாசலில் நின்ற சட்டம் இப்படியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின் சமையலறைக்குள் நுழைந்தது.

இனி நம் குளியலறைக்கு வருவோம். மின்சாரக் கீசரில் தெர்மோஸ்டாட் ஒன்று. அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மற்றொரு காவல். அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு. கீசர் திடீரென்று சூடேறாமல் போனால் இரண்டாம் காவல் வேலை செய்திருக்கக்கூடும். வீதி மூலையிலிருந்து வரும் மின்சாரக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு இரு கம்பிகளை நேராக முறுக்கி இணைத்துவிட்டால் வெந்நீர் வரும். ஆனால் மூன்று காவலில் ஒன்று போயிற்று. நம் வட்டாரங்களின் உப்பு நீர் வால்வின் வாயில் படிந்து அதையும் அடைத்தால் இன்னொன்றும் போயிற்று.

தொட்டியின் உள்ளே தொங்கும் மெக்னீசியக் கோலைப்பற்றியும் சொல்லவேண்டும். 1824-இல் ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடு கடல் நீரில் அரிக்கப்படாமல் இருக்க, அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவைத்தால் போதும் என்று காட்டினார். எளிதில் கரையும் உலோகம் தான் கரைந்து மற்றதைக் காக்கும். செம்பு பிழைத்தது, ஆனால் அரிக்காத செம்பில் சிப்பிகளும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துபோயிற்று. கடற்படையார் அதைக் கைவிட்டனர். கீசர்த் தொட்டியில் சிப்பிக்கு இடமில்லாததால் டேவியின் யோசனை அங்கே நன்றாகவே பயன்படுகிறது. உப்பு நீர் உள்ள ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோலைப் பார்த்து மாற்றாவிட்டால், அதன் பிறகு கரைவது தொட்டிதான்.

எல்லாவற்றினும் கவலை தருவது காஸ் கீசர். சிலிண்டரில் இயங்குவது, விலை மலிவு, நொடியில் வெந்நீர். வடநாட்டில் குளிருக்குப் பயந்து குளியலறையின் ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிடுகிறோம். புகைபோக்கியில்லாத அக்கருவி அந்தச் சிறு அறையின் காற்றைத் தின்றுகொண்டு எரிகிறது. ஹால்டேன் சுரங்கத்தில் கண்டது அங்கே நேர்கிறது. குளிக்கச் சென்றவர் நெடுநேரம் வராததால் கதவை உடைத்தார்கள் என்று தொடங்கும் செய்திகள் குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகின்றன. அவற்றுள் புது மணமக்களைப் பற்றியனவும் உண்டு. 1868-இல் மாகன் விட்ட குறைதான் இது. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விடுவது ஒரு நாள் வேலை.

பல காஸ் கீசர்கள் இருபது நிமிஷம் எரிந்ததும் தாமே அணைந்துவிடுமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிதானமாகக் குளிக்கும் நம்மவர் பலருக்கு இது பழுதாகவே தோன்றும். உடனே குழாயை மூடித் திறந்து மீண்டும் எரியவிடுவார்கள், அல்லது கடைக்காரரிடம் சென்று அந்த இருபது நிமிஷத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். அணைந்தவுடன் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றால், சற்று முன் காரணம் தெரியாமல் கனத்துக்கொண்டிருந்த தலை குளிர்ந்த காற்றில் தெளிவதை அவர்களே உணரக்கூடும்.